மீனுக்கு ஏலதாரர் உண்டு, கரைக்கு யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கைப்பேசியில் தள்ளிவிட்டுப் போகாமல் பொறுமையாகப் படியுங்கள். ஏரிக்குக் கீழே வீடு கட்டியிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. இனி ஒவ்வொரு நாளும் செய்தித்தாளில் ஒரு கணக்கு வரும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகள், அவற்றில் இத்தனை நிரம்பின, இத்தனை முக்கால், இத்தனை பாதி என்று. நல்லது. ஆனால் அந்த 381-ம் பொதுப்பணித் துறையின் பெரிய ஏரிகள். இப்போது நீர்வளத் துறை என்கிறோம். 40 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை. அதற்குக் குறைந்த சித்தேரியும் தாங்கலும் ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் கிடக்கின்றன. அவை நிரம்பினாலும் செய்தி இல்லை, காய்ந்தாலும் செய்தி இல்லை. உடைந்தால் மட்டும் ஒரு நாள் செய்தி.

என் கேள்வி ஒன்றுதான். உடைந்தால் யார் பதில் சொல்வது?

"அது அரசாங்கத்து ஏரி சார், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று டீக்கடையில் சொல்கிறார்கள். எந்த அரசாங்கம்? எந்த மேசை? எண்ணிப் பாருங்கள்.

ஏரி நிலம் ஏரிப் புறம்போக்கு, அது வருவாய்த் துறை. கரையும் மதகும் ஊராட்சி ஒன்றியம். மீன் ஏலம் ஊராட்சி. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி. கரைமேல் தார் போட்டிருந்தால் அது சாலை போட்டவர்கள் பொறுப்பு. கருவேல மரம் வெட்ட இன்னொரு அலுவலகம். கலங்கலுக்குக் கீழே போக்குக் கால்வாயை யாராவது அடைத்திருந்தால் மறுபடி வருவாய்த் துறை, பிறகு சர்வேயர், பிறகு போலீஸ். வருமானம் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மீனுக்கு ஏலதாரர் இருக்கிறார், மண்ணுக்கு லாரிக்காரர் இருக்கிறார், மரத்துக்குக் குத்தகைக்காரர் இருக்கிறார். செலவு மட்டுமே உள்ள கரைக்கு ஆள் இல்லை.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. போன மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சித்தேரியில் மதகு ஓரம் கசிந்தது. முதலில் தெளிந்த தண்ணீர், இரண்டாம் நாள் கலங்கிய தண்ணீர். ஒரு அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனோம். இது எங்கள் ஏரி இல்லை என்றார்கள். அடுத்த அலுவலகம் போனோம். ஏரி எங்களுடையது, ஆனால் நிதி இல்லை, எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஆன்லைனில் மனு போடச் சொன்னார்கள். போட்டோம். "உரிய துறைக்கு அனுப்பி முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. கசிவு முடியவில்லை, மனு முடிந்துவிட்டது! கடைசியில் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உர மூட்டைச் சாக்கில் மண் கட்டிப் போட்டு நிறுத்தினார்கள். அன்று இரவு மழை விட்டது. அதனால் இன்று இதை எழுத முடிகிறது.

சின்ன ஏரிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நீர் நிற்கும் பரப்பு நூறு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆழம் ஐந்தே அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பெருக்குங்கள். 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம் கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 61 கோடி லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் ஐம்பதாயிரம் லாரிக்கு மேல் வரும். ஐம்பதாயிரம் லாரித் தண்ணீரைப் பனிரண்டு அடி மண் கரை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கரையில் எலி வளை, நண்டு வளை, கருவேல வேர், ஜேசிபி ஏறி இறங்கிய தடம், குப்பை கொட்ட வெட்டிய வழி எல்லாம் இருக்கின்றன.

மண் கரை எப்படி உடைகிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, கலங்கல் அடைபட்டு, தண்ணீர் போக வழியின்றிக் கரை மேலேறி வழிவது. மண் கரைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அரிப்பு மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே போகும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது. இரண்டு, உள்ளே இருந்து அரிப்பது. மதகின் ஓரத்திலோ எலி வளையிலோ நுழைந்த தண்ணீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் கசிவு தெளிவாக இருந்தால் கவனி, கலங்கி வந்தால் ஓடு என்பார்கள் பெரியவர்கள். மூன்று, ஊறிய கரை தன் எடை தாங்காமல் சரிவது. இந்த மூன்றையும் வருமுன்னே பார்க்கலாம். பார்க்க ஒரு ஆள் வேண்டும். நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறாக ஒருவர் இருந்தார். மழை இரவில் அரிக்கேன் விளக்கோடு கரையைச் சுற்றுவது அவர் வேலை. விளைச்சலில் அவருக்குப் பங்கு. இப்போது எத்தனை ஏரிக்கு அவர் இருக்கிறார் என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

இன்னொன்று. முன்பு சித்தேரி உடைந்தால் கீழே பயிர் போகும். அது பெரிய நஷ்டம்தான், ஆனால் உயிர்ச் சேதம் குறைவு. இன்று கரைக்குக் கீழே என்ன இருக்கிறது? ஆயக்கட்டு நிலத்தைச் செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, "நகர்" என்றும் "அவென்யூ" என்றும் பெயர் வைத்து மனையாக விற்றாகிவிட்டது. தொழிற்பேட்டை வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். கரை அதே பழைய கரை. கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் புதியவர்கள். தலைமாட்டில் ஐம்பதாயிரம் லாரித் தண்ணீர் நிற்பது மனை வாங்கியபோது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். சொந்தக்காரர் யார் என்ற கேள்வி இன்று பிறந்தது அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே லண்டன் வரை போயிருக்கிறது. அப்போது வட ஆற்காட்டில் இருந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் மழைக்கு ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனியின் பாதையும் பாலமும் சேதமாயின. கம்பெனி ஜமீன்தார்மேல் வழக்குப் போட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1868-ல், இங்கிலாந்தில் ஒரு மில் முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்தில் பாய்ந்த வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லியிருந்தது. தன் லாபத்துக்காக ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் தேக்கி வைத்தவன், அது வெளியேறிச் சேதம் செய்தால், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று. அதே விதியை ஜமீன்தாருக்கும் வையுங்கள் என்றது ரயில்வே கம்பெனி.

1874-ல் பிரிவி கவுன்சில் மறுத்தது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இந்த ஏரிகள் பழங்காலத்தவை, பல ஆயிரம் பேர் வாழ்வுக்கு வேண்டியவை. ஜமீன்தார் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் தூர்த்துவிடலாம் என்ற உரிமை அவருக்கு இல்லை. பராமரிப்பது அவர் கடமை. ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால்தான் பொறுப்பு. இதுதான் சாரம்.

அதாவது, கடமை இருந்ததால் சலுகை கிடைத்தது. பிறகு 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலத்தோடு ஆறும் ஏரியும் பாசன வேலைகளும் அரசின் வசமாயின. ஜமீன் ஒழிந்தது நல்லதே, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஏரியை எடுத்துக்கொண்டவர்கள் கடமையையும் கூடவே எடுத்துக்கொண்டார்களா? கரை உடைந்தால் "வரலாறு காணாத மழை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். சலுகை மட்டும் பத்திரமாக இருக்கிறது. கடமையைக் காணவில்லை.

அண்மைச் சட்டங்களையும் பாருங்கள். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021. அணையின் உரிமையாளர் யார், யார் ஆய்வு செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் இன்னும் சில நிபந்தனைகள். நம் சித்தேரிக் கரை நான்கு மீட்டரைத் தாண்டாது. சட்டத்தின் கண்ணில் அது அணையே இல்லை. சரி, ஏரிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறதே என்றால், அது பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டு ஏரிகளுக்கு எழுதப்பட்டது. ஒன்றியத்துச் சித்தேரி அங்கேயும் வெளியே நிற்கிறது.

உயரத்தை அளந்து ஆபத்தை முடிவு செய்யலாமா? இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டம் கொள்ளளவை அளந்தது. தரை மட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் தேக்கினால், உரிமையாளர் தனியாரானாலும் அரசானாலும், மேற்பார்வைக்கு ஒரு பொறியாளரை வைக்க வேண்டும், பத்தாண்டுக்கு ஒரு முறையாவது முழு ஆய்வு நடக்க வேண்டும். மேலே கணக்குப் போட்ட நம் சித்தேரி ஆறு லட்சம் கன மீட்டர். அவர்கள் எல்லையைப் போல இருபது மடங்குக்கு மேல். அவர்களும் பட்ட பிறகே திருந்தினார்கள். 1925-ல் வேல்ஸில் டோல்காரோக் என்ற ஊரில் ஒரு அலுமினியக் கம்பெனியின் அணைகள் உடைந்து 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகே 1930-ல் முதல் சட்டம். நாமும் பிணத்தை எண்ணிவிட்டுத்தான் சட்டம் எழுத வேண்டுமா?

"அதற்குத்தான் சார், ஏரியைத் தனியாரிடம் பத்து வருஷ ஒப்பந்தத்தில் விட்டுவிட வேண்டும், லாபம் இருந்தால் கவனிப்பான்" என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய கதை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். கால்வாய்க்காக அரசு கட்டிய ஒரு மண் அணை. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனதும் ரயில்வே கம்பெனிக்கு விற்றார்கள். அங்கிருந்து தனி மனிதர் ஒருவர் கைக்குப் போனது. அவர் அடி மதகின் இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றார். பிறகு பணக்காரர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்று வாங்கியது. கார்னகி, ஃபிரிக் போன்ற கோடீசுவரர்கள் உறுப்பினர்கள். அவர்கள் குழாயைத் திரும்பப் போடவில்லை. வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன் தப்பிப் போகாமல் இருக்கக் கலங்கலில் கம்பி வலை கட்டினார்கள். 1889 மே 31, பெருமழை. வலையில் செத்தை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரை மேலேறியது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கம் பொறுப்பு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

கலங்கலில் மீன் வலை! இதைப் படித்தவுடன் உங்களுக்கு எந்தெந்த ஏரி நினைவுக்கு வருகிறது? ஏலம் எடுத்தவர் முதலீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. கலங்கலில் வலை கட்டக் கூடாது என்று ஏலப் பத்திரத்தில் எழுதாதவரைக் கேளுங்கள். எழுதியிருந்தும் ஐப்பசியில் போய்ப் பார்க்காதவரைக் கேளுங்கள்.

லாபம் இருந்தால் கவனிப்பான் என்பது பாதி உண்மை. லாபம் வரும் பக்கத்தைக் கவனிப்பான். மீன்காரருக்குத் தண்ணீர் வெளியே போகக் கூடாது. ஏரி உட்புறத்தில் பட்டா வைத்திருப்பவருக்குத் தண்ணீர் நிற்கவே கூடாது, அவர் இரவோடு இரவாகக் கலங்கலை இடிப்பார். கடைமடைக்காரர் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கல்மேல் மூட்டை அடுக்குவார். மனை போட்டவருக்குப் போக்குக் கால்வாயே கண்ணில் உறுத்தல், ஆறடிக் கால்வாயை ஒரு அடிக் குழாயில் அடக்கி மேலே சாலை போடுவார். நாலு பேரும் தனியார்தான். நாலு பேருக்கும் லாபம்தான். கரைக்கு மட்டும் நஷ்டம்.

இதோடு புதிதாக முளைக்கும் தனியார் கரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் மனைப் பிரிவுக்கோ பண்ணைக்கோ வெள்ளம் வராமல் இருக்க, சொந்தப் பட்டாவில் தானே மண் கொட்டிக் கரை எழுப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடுமா? பக்கத்துக் குடியிருப்புக்குப் போகும். அல்லது மேலேயே தேங்கி, ஒரு நாள் மொத்தமாகக் கரையை உடைத்துக்கொண்டு கீழ்த் தாங்கலில் விழும். நம் பகுதி ஏரிகள் சங்கிலி. மேல் ஏரியின் கலங்கல் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளது அந்த வேகத்தைத் தாங்காது. 2015-ல் இதே மாவட்டத்தில் பார்த்தோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குளங்கள் உடைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பட்டா உன்னுடையது என்பதால் உன் கரை உடைந்து அடுத்தவன் சாகலாமா? 1868-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவர்களுக்கு அப்படியே பொருந்தும். இவர்கள் கரை பழங்காலத்ததும் அல்ல, பொதுநலத்துக்கும் அல்ல.

"நம் ஊர்க் கல்வெட்டைப் பாருங்கள்" என்று இப்போது சிலர் வருவார்கள். வரட்டும், நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று பிரதமரே அதைச் சொன்னார். எல்லோரும் குடவோலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆறு பேர். 360 நாள் பதவி. பெயர் தெரிந்த ஆறு பேர்! அதைவிட முக்கியம், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை பேர் நிற்க முடியும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழம்பெருமையில் மயங்க வேண்டாம். அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்களுக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரைக்கு ஆபத்து என்றால் ஊரில் உள்ள உழைப்பாளிகளை இழுத்துப் போகலாம், மறுத்தால் தண்டனை. நிலம் வைத்திருந்தவனை அல்ல, உழைப்பாளியை. குடிமராமத்து என்று நாம் இனிமையாகச் சொல்லும் வார்த்தைக்குள் இதுவும் இருக்கிறது. சேரியில் உள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் தாத்தா கதை சொல்வார்கள். ஆகவே "மக்களே சேர்ந்து செய்துகொள்ளட்டும்" என்று யாராவது பேசினால், எந்த மக்கள், கூலி எவ்வளவு, வாரியத்தில் அவர்களுக்கு இடம் உண்டா என்று கேட்க வேண்டும்.

2017 மார்ச்சில் நம் மாவட்டத்து மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். பாசனதாரர் பங்கு பத்து விழுக்காடு. பல இடத்தில் கரை பலப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வேலை. வேலை முடிந்ததும் போட்டோ, பில், பலகை. கரைக்கு வேண்டியது வருஷத்துக்கு 365 நாளும் ஒரு பார்வை. அதுவும் போர்வெல் வந்த பிறகு பாசனதாரருக்கே ஏரி தேவைப்படவில்லை. தேவைப்படாதவர் தலையில் கரையைக் கட்டிவிட்டு, கரைக்குக் கீழே குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது என்ன நியாயம்?

"நிதி இல்லை" என்பது கடைசிப் பதில். உடைந்த பிறகு நிவாரணத்துக்கு நிதி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? வெள்ளம் வருமுன் அணை கோலிக்கொள் என்பது நம் பழமொழி. நாம் வெள்ளம் போன பின் அரிசிப் பை கொடுக்கிறோம்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல.

1. ஒவ்வொரு ஏரி, தாங்கல், தனியார் கரைக்கும் ஒரு பலகை. பொறுப்பு அலுவலர் அல்லது உரிமையாளர் யார், தொலைபேசி எண், முழு நீர்மட்டம் எவ்வளவு, கடைசியாக ஆய்வு செய்த தேதி எது. நான்கே வரி.

2. கரை, மதகு, கலங்கல், போக்குக் கால்வாய் நான்கும் ஒரே பொறுப்பில். மீன் ஏலப் பணத்தில் ஒரு பங்கு கரைக்கென்று தனியாக.

3. ஊருக்கு ஒரு நீர்க்கட்டி, மாதச் சம்பளத்தோடு. பரம்பரையாக அல்ல, பயிற்சி கொடுத்து, பெண்களுக்கும் சேர்த்து.

4. உயரத்தை விட்டுவிட்டுக் கொள்ளளவையும் கீழே இருக்கும் வீடுகளையும் பார்த்து ஆபத்தை நிர்ணயிக்கும் சட்டம். தனியார் கரை எழுப்பினால் அனுமதி, பொறியாளர் சான்று, உடைந்தால் முழு நஷ்டஈடு.

5. ஆயக்கட்டில் மனை விற்றால், எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

6. அக்டோபர் 2 கிராம சபையில் கரை ஆய்வு அறிக்கை, ஜனவரி 26 கிராம சபையில் கணக்கு. கணக்குக் காட்டாதவர் பெயரைச் சபையில் படிக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டினோம், இப்போது தீர்மானப் புத்தகத்தில் எழுத முடியாதா?

இதில் எதற்கும் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. முதல் கோரிக்கைக்கு ஒரு தகரப் பலகையும் கொஞ்சம் பெயிண்டும் போதும். ஆனால் அதுதான் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதினால் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான்.

வரும் அக்டோபர் 2 அன்று கிராம சபைக்குப் போகப் போகிறேன். "நம் சித்தேரிக் கரைக்குப் பொறுப்பு யார்? பெயரும் பதவியும் தீர்மானத்தில் எழுதுங்கள்" என்று கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், ஊர் ஊராகத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் மனு நீதி நாளில் கொடுக்கலாம்.

அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் ஏரிக் கரையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கலங்கலில் வலை இருக்கிறதா, மதகு ஓரம் ஈரம் இருக்கிறதா, போக்குக் கால்வாய் எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாம்பு இருக்கும், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.